நாட்டாமை வேணாம், உங்க பாட்டிகிட்ட கேளுங்க

கல்யாணம் ஆகி மதுரைலேர்ந்து ரோஸ் ஹில்லுக்கு வந்து 14 வருஷம் ஆச்சுங்க. வார நாள்ல தமிழ் டியூஷன், சனிக்கிழமை பசங்களுக்கு நாடகம், இதான் நம்ம பொழப்பு. இங்க மொரிஷியஸ்ல கலாச்சார அமைச்சு நடத்துற தேசிய நாடக விழால தமிழுக்குன்னு தனிப் பிரிவே இருக்கு, அந்த சீசன் வந்தா போதும், அப்பா அம்மாங்க கையில ஸ்கிரிப்டோட வாசல்ல வந்து நிப்பாங்க. பிரிச்சுப் பாத்தா எல்லாத்துலயும் ஒரே ஆளுங்கதான், ஒரு நாட்டாமை, ஒரு குடிகார அப்பா, அழுதுகிட்டே இருக்கிற அம்மா, கடைசில ஒரு அட்வைஸ். போன வருஷத்துலேர்ந்து இது இன்னும் மோசம், போன்ல இருக்கிற AI-கிட்ட கேட்டா அதுவே எழுதிக் குடுத்துடுதாம், அதுலயும் அதே நாட்டாமை! ஒரு பையன்கிட்ட "இந்த சொம்பு எதுக்குடா தம்பி"ன்னு கேட்டேன், "தண்ணி குடிக்க மிஸ்"ன்னான். அவன் மேல தப்பே இல்ல, அவன் அந்த சொம்ப டிவில பாத்ததோட சரி.

இதுல பெத்தவங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு, அதச் சொல்லத்தான் எழுதுறேன். இங்க நிறையப் பசங்களுக்குத் தமிழ் எழுத்து சரளமா வராது, வீட்ல பேசுறது கிரியோல், அதாவது பிரெஞ்சுலேர்ந்து வந்த இந்த ஊர்ப் பேச்சு மொழி, அதனால வசனத்த பிரெஞ்சு ஸ்பெல்லிங்ல எழுதி வெச்சு மனப்பாடம் பண்ணுவாங்க. முத்துசாமிய "மூத்தூசாமி"ன்னு எழுதுற ஊருங்க இது, வசனம் மட்டும் எப்படித் தப்பிக்கும். அப்படி மனப்பாடம் பண்ண புள்ளைய மேடைல பாத்தீங்கன்னா கண்ணு மேல போயிடும், எழுதினது அங்க ஒட்டியிருக்கிற மாதிரி, கை ரெண்டும் செத்துத் தொங்கும், அர்த்தம் முடியிற எடத்துல நிறுத்தாது, மூச்சு முட்டுற எடத்துல நிறுத்தும். கீழ உக்காந்திருக்கிறவங்க கை தட்டுவாங்க, தமிழ் பேசிடுச்சே பாவம்னு. அந்தக் கைதட்டலக் கேட்டா எனக்கு இப்பல்லாம் பயமா இருக்கு, ஏன்னா அடுத்த வருஷம் அந்தப் புள்ள வராது.

நானும் யோக்கியம் இல்ல. மொத அஞ்சாறு வருஷம் ஒத்திகைல ஒரு கிரியோல் வார்த்தை வந்தா போதும், நிறுத்தித் திருத்துவேன். 2012-லயே பிரைமரி ஸ்கூல்ல கிரியோல விருப்பப் பாடமாக் கொண்டு வந்துட்டாங்க, நான் மட்டும் என் கிளாஸ்ல அதுக்கு 144 போட்டு வெச்சிருந்தேன்.

மாறுனது ஒரு விடுகதையால. இங்க கதை சொல்றவங்க மொதல்ல "சிராந்தான்!"னு குரல் குடுப்பாங்க, உக்காந்திருக்கிறவங்க "சாம்பேக்!"னு திருப்பிக் குடுக்கணும், அப்புறந்தான் விடுகதை. "தீலோ தீபூ?" அதாவது நிக்கிற தண்ணி எது? கரும்பு. "தீலோ பாந்தான்?" தொங்குற தண்ணி எது? தேங்கா. மொத தடவ கேட்டப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, ரெண்டே வார்த்தைங்க! கரும்புத் தோட்டத்துல முதுகொடிய வேலை பாத்தவங்க வாழ்ந்த தீவுல கரும்ப நிக்கிற தண்ணின்னு சொல்லணும்னா அத எத்தன நாள் தாகத்தோட பாத்திருக்கணும்.

அதுலேர்ந்து என் கிளாஸ்ல மொத ரெண்டு வாரம் ஸ்கிரிப்ட்டே கிடையாது, ஆளுக்கு ஒரு விடுகதை, தன் வீட்ல தன் தெருவுல இருக்கிறத வெச்சு, எந்த மொழி கலந்தாலும் பரவால்ல. 12 வயசுப் பையன் ஒருத்தன், வாயே திறக்காதவன், "வர்றதுக்கு முன்னாடி கிளாஸ் கிளாஸ்னு சொல்லுவாங்க, வந்துட்டா கிளாஸ் கிடையாது, அது என்ன?"ன்னான். யாருக்கும் தெரியல. புயல்! இங்க புயல் எச்சரிக்கைய கிளாஸ் 1-லேர்ந்து கிளாஸ் 4 வரைக்கும் சொல்லுவாங்க, எச்சரிக்கை ஏற ஏற ஸ்கூல் லீவு, கடைல பிரெட்டும் மெழுகுவத்தியும் காலி. அவனுக்கு நடிப்பு இன்னிக்கும் வராதுங்க, நானும் விட்டுட்டேன், இப்ப நாடகத்துக்கு ரவான் வாசிக்கிறான். ரவான் ஆட்டுத்தோல் மேளம், நம்ம பறை மாதிரியே நெருப்புல காட்டி சூடேத்தணும். மேடைக்குப் பின்னாடி தோலச் சூடேத்திட்டு விரலால தட்டித் தட்டிப் பாப்பான் பாருங்க, அந்த மூஞ்சிய அவங்க அம்மாவக் கூப்பிட்டுக் காட்டினேன். அவங்க கேட்டது, "இதுல வேலை கிடைக்குமா மிஸ்?" கிடைக்காதுன்னுதான் சொன்னேன், பன்னெண்டரை லட்சம் பேர் இருக்கிற தீவுல மேளம் மட்டும் அடிச்சுப் பொழைக்கிறது கஷ்டம், நானே டியூஷன் எடுத்துதான் வீட்டு வாடகை கட்டுறேன். ஆனா அவன் இப்ப எல்லார்கிட்டயும் வாயத் திறந்து பேசுறான்ல, அத எந்தக் கணக்குல எழுதுறதுன்னு எனக்குத் தெரியல.

விடுகதைக்கு அப்புறம் ரெண்டாவது வேலை, வீட்ல பெரியவங்க கதைய போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு வரணும். கேள்வி பெருசா இருக்கக் கூடாது, "உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டா எல்லாருமே நாங்க கஷ்டப்பட்டோம்னு ஒரு வரில முடிச்சுடுவாங்க. அன்னிக்கு என்ன சாப்ட்டீங்க, கால்ல செருப்பு இருந்துச்சா, இப்படிக் கேக்கணும்.

15 வயசுப் பொண்ணு ஒண்ணு அவ கிரான்மேர், அதாவது பாட்டி, சொன்னதக் கொண்டு வந்தா. 1960 பிப்ரவரி கடைசில கரோல்னு ஒரு புயல், இந்தத் தீவு இன்னிக்கும் மறக்காத புயல், அதுக்கு அப்புறந்தான் ஓலை வீடு தகர வீடெல்லாம் போய் சிமென்ட் வீடா மாற ஆரம்பிச்சுச்சு. புயலோட கண்ணு தீவு மேலயே கடந்துச்சு, காத்து சட்டுன்னு நின்னு போச்சு. பாட்டிக்கு அப்ப எட்டு வயசு. வெளிய வந்து திரும்பிப் பாத்தா வீட்டுக்குக் கூரை இல்ல, ஆனா அடுப்பு மேல ரசச் சட்டி மட்டும் அப்படியே உக்காந்திருக்கு. அடுத்த காத்து எதிர்ப்பக்கத்துலேர்ந்து வரும்னு பெரியவங்களுக்குத் தெரியும், அதனால எல்லாரும் நின்னுகிட்டே ஆளுக்கு ரெண்டு மடக்கு குடிச்சுட்டு பக்கத்துல ஒரு கல்லு வீட்டுக்கு ஓடிட்டாங்க. அவ்ளோதான் கதை. ரசத்த அவ "ரசோன்"னு இங்கத்து மாதிரிதான் சொன்னா, நான் திருத்தல. நாட்டாமையத் தூக்கிப் போட்டுட்டு இதையே நாடகமாக்கினோம்.

ஆனா நம்ம கை சும்மா இருக்காதே. கூரையே போன காத்துல திறந்த சட்டி எப்படித் தப்பிக்கும், பாக்கிறவங்க நம்ப மாட்டாங்கன்னு நானே சட்டிக்கு ஒரு மூடி சேத்தேன். மூடியத் திறக்கிறப்ப ஒரு சின்ன இசை, ரொம்ப அழகா வந்துச்சுன்னு எனக்கே பெருமை.

கடைசி ஒத்திகைக்குப் பாட்டியையும் கூட்டிட்டு வந்திருந்தாங்க. மொத வரிசைல கைப்பைய மடில வெச்சுகிட்டு உக்காந்திருந்தவங்க, பேத்தி மூடியத் தொட்டதும் கிரியோல்ல சத்தமா, "மூடியா? ஏது மூடி? மூடி இருந்திருந்தா அவ்ளோ எலை எப்படி விழும், எங்கம்மா ஊதி ஊதித்தான் எனக்குக் குடுத்தாங்க"ன்னாங்க.

நான் வாயத் திறக்குறதுக்குள்ள அந்தப் பொண்ணு மூடியத் தூக்கி ஓரமா வெச்சுட்டா. சட்டிய ரெண்டு கையால வாய்கிட்ட கொண்டு போய், குடிக்கிறதுக்கு முன்னாடி, இல்லாத எலைய மெதுவா ஊதினா.