பெட்டியில் எழுதிய ஆம்பியரும் இரும்புக்குள் இறங்கும் சூடும்

மிக் (MIG) வெல்டிங் மெஷின், அதாவது ஒயரைத் தானே ஊட்டி மின்சாரத்தால் இரும்பைப் பற்றவைக்கும் மெஷின், வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஆம்பியர் எண்ணை. எத்தனை நிமிடம் அந்த ஆம்பியர் வரும், எந்தப் பிளக்கில் வரும், எவ்வளவு கனமான இரும்பை அது உருக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த எண்ணில் பதில் இல்லை. பதில் தெரியாமல் பணம் போட்டால் பழைய மெஷினைவிடச் சுமாரான ஒன்று வீட்டுக்கு வந்து சேரவும் வாய்ப்புண்டு.

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம் பக்கம் வீட்டுக் கராஜில் நடக்கும் இரும்பு வேலை பெரும்பாலும் திருடர்களைத் தடுக்கும் ஜன்னல் பர்க்லர் கார்டு, இறைச்சி சுடும் பிராய் அடுப்பு, சின்ன கேட் என்றுதான் தொடங்கும். எல்லாம் 1.6 அல்லது 2 மி.மீ. கனமுள்ள சதுரக் குழாய்கள். 140 ஆம்பியர் மெஷின் அதற்குத் தாராளம். பிறகு ஆசை வளர்கிறது. பக்கி (பிக்கப்) வண்டிக்குப் பின்னால் பூட்ட டிரெய்லர், நகரும் கேட்டின் கம்பத்துக்கு 6 மி.மீ. அடித்தகடு, காவடித் திருவிழாத் தேருக்கு அடிச்சட்டம். பீனிக்ஸில் இருக்கும் என் அக்கா மகன் இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டான். “மாமா, கைல இருக்கற மெஷின வச்சே மெதுவா, ரெண்டு தடவை ஓட்டினா 6 மி.மீ. புடிக்காதா?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். புடிக்காது என்பதற்கான காரணம் அந்த நீல வெளிச்சத்துக்குள் நடப்பதில் இருக்கிறது.

மிக் டார்ச்சின் நுனியிலிருந்து ஒயர் ஓயாமல் வெளியே வருகிறது, கூடவே உருகிய இரும்பை வெளிக்காற்று தொடாமல் காக்கும் வாயுவும் வருகிறது. ஒயருக்கும் தகட்டுக்கும் நடுவே மின்வில் (ஆர்க்) எரிகிறது. அந்த வில்லின் வெப்பம் ஒயரையும் உருக்க வேண்டும், சுமார் 1500 டிகிரி செல்சியஸில் உருகும் இரும்புத் தகட்டின் மேற்பரப்பையும் உருக்க வேண்டும். இரண்டு உருகலும் ஒன்றாகக் கலந்து உறைந்தால்தான் அது வெல்டு. ஒயர் மட்டும் உருகித் தகட்டின்மேல் படிந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒட்டுதான்.

வீட்டு மெஷின்களின் வோல்டேஜில், அதாவது சுமார் 16 முதல் 22 வோல்ட் வரை, ஒயர் துளித்துளியாகப் பறந்து போய் விழுவதில்லை. நுனி உருகிய குளத்தைத் தொடுகிறது, ஷார்ட் ஆகிறது, மின்னோட்டம் சட்டென்று ஏறுகிறது. ஏறிய மின்னோட்டத்தின் காந்த விசை ஒயரின் கழுத்தை நெரித்து நுனியைக் கிள்ளி விடுகிறது. வில் மறுபடி பற்றிக்கொள்கிறது. ஒரு நொடிக்கு 20 முதல் 200 தடவை இது நடக்கிறது. செட்டிங் சரியாக இருந்தால் காய்ந்த எண்ணெயில் அப்பளம் பொரிவதைப் போலச் சீரான சத்தம் கேட்கும். பழக்கப்பட்டவர்கள் முகமூடிக்குள் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கண்டுபிடிப்பது இதனால்தான்.

இந்த முறை பிறந்தபோது இப்படி இருக்கவில்லை. 1948இல் அமெரிக்காவின் பேட்டல் நினைவு நிறுவனத்தில் உருவானபோது விலையுயர்ந்த ஆர்கான், ஹீலியம் வாயுக்களில் அலுமினியத்தைப் பற்றவைக்கத்தான் அது பயன்பட்டது. 1953இல் சோவியத் நாட்டின் லியுபாவ்ஸ்கியும் நொவோஷிலொவும் மலிவான கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு சாதாரண இரும்பைப் பற்றவைத்துக் காட்டினார்கள். 1950களின் கடைசியில் மெல்லிய ஒயரும் இந்த ஷார்ட் முறையும் சேர்ந்த பிறகுதான் மெல்லிய தகட்டை ஓட்டை போடாமல் பற்றவைக்க முடிந்தது. மெல்லிய தகட்டைக் காப்பாற்றிய அந்தக் குறைந்த சூடுதான் கனமான தகட்டில் நம்மைக் கைவிடுகிறது.

மிக் மெஷினில் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது முக்கியமாக ஒயர் ஓடும் வேகம். மெஷின் தன் வோல்டேஜை ஏறக்குறைய ஒரே அளவில் பிடித்து வைத்திருக்கும். ஒயர் வேகமாக வந்தால், வருகிற ஒயரை எல்லாம் உருக்கத் தேவையான மின்னோட்டம் தானாகவே இழுக்கப்படும். 0.8 மி.மீ. ஒயர் நிமிடத்துக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில் ஓடினால் மின்னோட்டம் 100 ஆம்பியரை ஒட்டி நிற்கும். கை கொஞ்சம் பின்வாங்கி வில் நீண்டால் மின்னோட்டம் குறைந்து ஒயர் மெதுவாக உருகும், நுனி மறுபடி பழைய இடத்துக்கு வந்துவிடும். புதிதாகப் பழகுகிறவருக்கும் மிக் கைகொடுப்பது இந்தத் தன்னொழுங்கால்தான்.

அதே தன்னொழுங்கு குறையையும் மறைத்துவிடும். டார்ச்சை 10 மி.மீ. தூரத்தில் பிடிக்க வேண்டிய இடத்தில் 20 மி.மீ. தூரத்தில் பிடித்தால், நீண்டு நிற்கும் ஒயரின் தடையிலேயே அது முன்கூட்டிச் சூடேறிவிடுகிறது. எனவே குறைந்த மின்னோட்டத்திலேயே அது உருகும். சத்தம் அவ்வளவாக மாறாது, வெல்டும் மேலே பார்க்க நன்றாகவே இருக்கும். தகட்டுக்குப் போகும் சூடு மட்டும் குறைந்திருக்கும். புது மெஷின் வாங்குவதற்கு முன் டார்ச்சைப் பிடிக்கும் தூரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். செலவில்லாமல் கிடைக்கும் ஆம்பியர் அது.

தேவையான மின்னோட்டத்துக்குப் பட்டறைகளில் புழங்கும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: சாதாரண இரும்பில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 40 ஆம்பியர். 2 மி.மீ. குழாய்க்கு 80, 3 மி.மீ. தகட்டுக்கு 120, 5 மி.மீ. தகட்டுக்கு 200. 6 மி.மீ. தகட்டை ஒரே ஓட்டத்தில் முழு ஆழத்துக்கும் பிடிக்க 240 வரை போகும். விளிம்பைக் கிரைண்டரால் சாய்வாகச் செதுக்கி, இரண்டு மூன்று ஓட்டமாகப் போட்டால் அதைவிடக் குறைந்த மின்னோட்டமும் போதும். ஆனால் ஒவ்வொரு ஓட்டமும் அடியில் இருக்கும் இரும்பை உருக்கியாக வேண்டும். கனமான தகடு வெப்பத்தை நாலா பக்கமும் இழுத்துக்கொண்டே இருப்பதால், அதைவிட வேகமாக வெப்பம் வந்து சேர வேண்டும்.

இங்கேதான் “மெதுவா ஓட்டினா” என்ற கேள்விக்குப் பதில். டார்ச்சை மெதுவாக நகர்த்தினால் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குக் கிடைக்கும் மொத்த வெப்பம் கூடும் என்பது உண்மை. கூடவே ஒயரும் அதே இடத்தில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. உருகிய இரும்பு வில்லுக்கு முன்னால் வழிந்து ஓடுகிறது. வில் இப்போது தகட்டின்மேல் எரியவில்லை, தான் கொட்டிய உருகலின்மேலேயே எரிகிறது. அடியில் உள்ள தகடு உருகாமலே மூடப்படுகிறது. இதைத்தான் வெல்டர்கள் கோல்டு லாப் என்கிறார்கள். கனத்த, மினுமினுப்பான, பார்த்தால் ஆசை வரும் வெல்டு. டிரெய்லர் கொக்கியில் அப்படி ஒன்று இருந்தால், என்3 நெடுஞ்சாலையில் பாரத்தோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏற்றம் ஏறும்போது விட்டுப் போகலாம். பின்னால் வரும் வண்டியில் யாரோ ஒருவரின் குடும்பம் இருக்கும். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வொர்த்தி சான்றிதழ் இருந்தாலும், வெல்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்டுபிடிக்க முடியாது. அதனால் 5, 6 மி.மீ. வேலைக்குப் பெரிய மெஷின் ஆடம்பரமில்லை என்றே என் அக்கா மகனிடம் சொன்னேன்.

எவ்வளவு பெரியது என்று பார்க்க, மெஷினின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் தகவல் தகட்டைத் தேடுங்கள். அதில் ஆம்பியருக்கு நேராக ஒரு சதவீதம் இருக்கும். அதுதான் டியூட்டி சைக்கிள். ஐ.இ.சி. 60974-1 என்ற சர்வதேசத் தரத்தின்படி சுற்றியுள்ள காற்று 40 டிகிரி இருக்கும்போது, 10 நிமிடத்தில் எத்தனை நிமிடம் அந்த மின்னோட்டத்தைத் தர முடியும் என்பதை அது சொல்கிறது. 200 ஆம்பியர், 35 சதவீதம் என்றால் மூன்றரை நிமிடம் பற்றவைக்கலாம், ஆறரை நிமிடம் ஆற விட வேண்டும். மீறினால் உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு மெஷினை நிறுத்திவிடும்.

மெஷினுக்குள் உருவாகும் சூடு ஏறக்குறைய மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். சதவீதத்தைத் தசமமாக்கி, அதன் வர்க்கமூலத்தால் ஆம்பியரைப் பெருக்கினால், அந்த மெஷின் ஓய்வில்லாமல் தரக்கூடிய மின்னோட்டம் கிடைக்கும். 200 ஆம்பியர், 20 சதவீதம் என்று எழுதிய மெஷினுக்கு விடை 89. 180 ஆம்பியர், 60 சதவீதம் என்று எழுதியதற்கு விடை 139. சின்ன எண் போட்டதுதான் வலுவான மெஷின்! முகப்பைப் பார்த்து வாங்கியவருக்கு இது தெரியாமலே போய்விடும். சதவீதமே எழுதாத மெஷினை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது சுவர். நம் ஊர் 230 வோல்ட் பெரிய மூன்று முனைப் பிளக்கின் வரம்பு 16 ஆம்பியர். மிக் வில்லுக்குத் தேவையான வோல்டேஜை அதே ஐ.இ.சி. தரநூல் ஒரு சூத்திரமாகவே தருகிறது: 14உடன், மின்னோட்டத்தின் இருபதில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். 200 ஆம்பியருக்கு 24 வோல்ட். ஆக வில்லுக்கு மட்டும் 4,800 வாட். மெஷின் 85 சதவீதத் திறனோடு வேலை செய்தாலும் சுவரிலிருந்து 5,650 வாட் வேண்டும். இழுக்கும் மின்னோட்டத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்பதுதான் பவர் ஃபேக்டர். அதற்கான திருத்தம் உள்ள மெஷின் இதற்குச் சுமார் 25 ஆம்பியர் இழுக்கும். திருத்தம் இல்லாத, பவர் ஃபேக்டர் 0.7 மட்டுமே உள்ள மெஷின் 35 ஆம்பியர் வரை இழுக்கும். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து தொடர்ந்து கிடைப்பது திருத்தம் இல்லாத மெஷினில் 110 ஆம்பியரை ஒட்டி, திருத்தம் உள்ளதில் 145ஐ ஒட்டி. பிரேக்கர் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். பிளக்கின் முனைகள் கருகத் தொடங்குவதும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான்.

எனவே திருத்தம் உள்ள 200 ஆம்பியர் மெஷினின் விலையோடு, வீட்டின் மின் விநியோகப் பலகையான டிபி போர்டிலிருந்து தனியாக இழுக்கும் 32 ஆம்பியர் சர்க்யூட்டின் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்து, இணக்கச் சான்றிதழ் தர வேண்டிய வேலை இது. பல வீடுகளின் முழு இணைப்பே 60 ஆம்பியர்தான். 3 கிலோவாட் கீசர் மட்டுமே அதில் 13 எடுத்துக்கொள்ளும் என்பதால், வெல்டிங் நேரத்தில் கீசரை அணைத்து வையுங்கள். எக்ஸ்டென்ஷன் கேபிளிலும் கவனம் வேண்டும். 30 மீட்டர் நீளமுள்ள 1.5 சதுர மி.மீ. கேபிளில் 25 ஆம்பியர் ஓடினால் 17 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், கேபிளும் சூடாகும். சுருளாக வைத்திருந்தால் இன்னும் ஆபத்து.

2007 இறுதியில் தொடங்கி 2023இல் உச்சத்துக்குப் போன லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டால் பலர் வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது. 3 கே.வி.ஏ. ஜெனரேட்டரில் திருத்தம் இல்லாத மெஷினை ஓட்டினால் 95 ஆம்பியரைத் தாண்டுவது கடினம். முழு 200க்கு 8 கே.வி.ஏ.வுக்குக் குறையாமல் வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல்: நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெலிந்த காற்றில் ஜெனரேட்டர் எஞ்சின் தன் வலுவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழக்கும். மெஷினின் மின்விசிறியும் டர்பனில் குளிர்விப்பதைப் போல அங்கே குளிர்விக்காது. வெல்டிங் மெஷின் தரநூலே 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் பொருந்தும். அங்கே வாங்குகிறவர்கள் ஒரு படி மேலே வாங்குவது நல்லது.

இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினா, பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினா? 50 ஹெர்ட்ஸில் ஓடும் டிரான்ஸ்ஃபார்மருக்கு நிறைய இரும்பு மையம் வேண்டும். இன்வெர்ட்டர் அதே மின்சாரத்தைப் பல ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு ஏற்றி மாற்றுவதால் மையம் கையளவுக்குச் சுருங்குகிறது. திறனும் கூடுதல், வில்லும் சொன்ன பேச்சைக் கேட்கும். வீட்டுக்கு நான் இன்வெர்ட்டரையே சொல்வேன். ஆனால் டர்பன் கடற்கரை ஓரத்தில் உப்புக் காற்றும் கிரைண்டரின் இரும்புத் தூளும் சேர்ந்தால் சர்க்யூட் போர்டுக்கு எமன். கிரைண்டர் பக்கத்தில் மெஷினை வைக்காதீர்கள், வேலை முடிந்ததும் மூடி வையுங்கள்.

கடல் காற்று வாயுவையும் கலைத்துவிடும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகக் காற்றே காப்பு வாயுவைத் தள்ளிவிட்டு வெல்டில் துளைகளை உண்டாக்கப் போதும். முற்றத்தில் வேலை என்றால் உள்ளே காப்புப் பொடி நிரப்பிய, வாயு தேவைப்படாத ஃபிளக்ஸ் ஒயர் உதவும். அந்த ஒயருக்காக டார்ச்சின் துருவத்தை (பிளஸ், மைனஸ்) மாற்றி இணைக்கும் வசதி மெஷினில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

துருவுக்குப் பயந்து இங்கே பலரும் துத்தநாகம் பூசிய கால்வனைஸ் குழாய் வாங்குவார்கள். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துப் புகையாகிவிடும். அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். மூட்டுக்கு இருபக்கமும் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பற்றவையுங்கள், கராஜ் கதவைத் திறந்து வையுங்கள், வெல்டிங் புகையை வடிகட்டும் முகக்கவசம் போடுங்கள். வெல்டிங் புகையை உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017இல் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பெரிய மெஷின் என்றால் புகையும் அதற்கேற்பப் பெரிது.

என் கணிப்பில், டிரெய்லரும் கேட்டும் செய்யும் வீட்டுப் பட்டறைக்கு 150 ஆம்பியரை 60 சதவீதத்தில் தரும், பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள, ஒற்றை ஃபேஸ் மெஷின் சரியான அளவு. மேலே போட்ட கணக்கின்படி இது 200 ஆம்பியர், 35 சதவீதத்துக்கு ஏறக்குறைய சமம். அது 0.8 ஒயரையும் 1.0 ஒயரையும் ஓட்ட வேண்டும். கடையில் ஓட்டிப் பார்க்க விட்டால், இரண்டு 6 மி.மீ. துண்டுகளை எடுத்துப் போங்கள். ஒன்றை நிமிர்த்தி வைத்து ஒரு பக்கம் மட்டும் பற்றவையுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, நிமிர்ந்த துண்டை வெல்டு இருக்கும் பக்கமாகவே சுத்தியலால் அடித்து மடக்குங்கள். வெல்டு தகட்டிலிருந்து தோல் போலக் கழன்று, அடியில் கிரைண்டர் கோடுகள் அப்படியே தெரிந்தால் சூடு இறங்கவில்லை. உடைந்த முகம் முழுக்கச் சொரசொரப்பாக, வெல்டின் நடுவிலேயே பிளந்திருந்தால் இறங்கியிருக்கிறது. வீட்டில் இருக்கும் பழைய மெஷினிலும் இதே சோதனையைச் செய்து, இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.