வெள்ளிக்கிழமைக் காய்ச்சலுக்குத் திங்கட்கிழமைச் சான்றிதழ்

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டியிருக்கும் என் கிளினிக்கில் வாரத்திலேயே அதிகக் கூட்டம் திங்கட்கிழமை மாலையில்தான் இருக்கும். அதில் நாலைந்து பேராவது உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வந்திருப்பார்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் இருக்கும் லெட்டர்பேடையே பார்ப்பவர்கள் அவர்கள். சில மாதங்களுக்கு முன் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞர் வந்து, "போன வெள்ளிக்கிழமைக்கு ஒரு சர்டிபிகேட் வேணும் டாக்டர், வைரல் ஃபீவர்னு போட்டா போதும்" என்று நேராகவே கேட்டார். வெப்பமானி 98.4 காட்டியது. திருநெல்வேலியில் நடந்த நண்பரின் திருமணத்துக்குப் போய்வந்ததையும், ஒரு மாதம் முன்பே விடுப்புக் கேட்டும் மேலாளர் மறுத்துவிட்டதையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

எழுத முடியாது என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை, வியப்புதான் வந்தது. இரண்டு வரி எழுதுவதில் டாக்டருக்கு என்ன நஷ்டம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். என்ன நஷ்டம் என்பதை அவருக்குச் சொன்னதைவிடச் சற்று விரிவாக இங்கே சொல்கிறேன். மருத்துவர்களின் தொழில் நடத்தை குறித்த 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, நாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு மருத்துவச் சான்றிதழின் விவரத்தையும் தனிப் பதிவேட்டில் குறித்து, ஒரு நகலையும் வைத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழில் நோயாளியின் கையெழுத்தோ கைரேகையோ, முகவரியோடும் குறைந்தது ஓர் அங்க அடையாளத்தோடும் இருக்க வேண்டும். பொய்யான சான்றிதழில் கையெழுத்திட்டது தெரிந்தால் மருத்துவப் பதிவேட்டிலிருந்து என் பெயரையே நீக்க அந்த விதிகளில் இடமிருக்கிறது. படித்து வாங்கிய பதிவு எண்ணை இன்னொருவருடைய கல்யாணச் சாப்பாட்டுக்காகப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்காக, முந்தைய நாள்களைப் பற்றி ஒரு மருத்துவர் எதுவுமே எழுதக் கூடாது என்பதில்லை. வெள்ளிக்கிழமை முதல் காய்ச்சல் இருந்ததாக நோயாளி கூறுகிறார், இன்று பரிசோதித்தபோது காய்ச்சல் இல்லை, உடல் சோர்வு இருக்கிறது என்று, அவர் சொன்னதையும் நான் கண்டதையும் தனித்தனியாகப் பிரித்து எழுதலாம். பரிசோதித்த தேதியைத்தான் மாற்றி எழுத முடியாது. சின்னம்மை வந்து போனால் தோலில் வடு இருக்கும். டெங்கு வந்து போனால் ரத்தப் பரிசோதனையில் சில நாள்களுக்காவது தடயம் இருக்கும். ஆனால் ஒரு நாள் வயிற்றுப்போக்கோ ஒரு நாள் முதுகுப்பிடிப்போ மூன்றாம் நாள் எந்தத் தடயத்தையும் விட்டுவைக்காது. அந்த நிலையில் அவர் சொல்வது மெய் என்று என்னால் நிரூபிக்க முடியாது, பொய் என்றும் நிரூபிக்க முடியாது. இந்த எல்லையை அலுவலகங்கள் புரிந்துகொண்டால் என் திங்கட்கிழமைக் கூட்டம் பாதியாகக் குறையும்.

உடன் வேலை செய்பவர்களின் மனக்குறை வேறொரு பக்கத்திலிருந்து என்னிடம் வந்து சேர்கிறது. ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனைப் பிரிவில் நிற்கும் ஒரு பெண்மணி கால் வீக்கத்தோடு வந்தார். கெண்டைக்காலில் வெரிகோஸ் வெயின் என்று நாங்கள் சொல்லும் நரம்புச் சுருட்டல் புடைத்துத் தெரிந்தது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது உண்மைதான். ஆனால் மூன்று பேர் பார்க்க வேண்டிய பிரிவை இரண்டு பேர் பார்க்கும்போது, போடப்பட்டிருக்கும் ஸ்டூலில் உட்கார யாருக்கு நேரம் கிடைக்கும்? மூன்றாமவர் ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமைகளிலும் தலைவலி என்று சொல்லிவிடுகிறாராம். "அவளுக்குத் தலைவலி, எனக்குக் கால்வலி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பொய் நோய் விடுப்பால் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பைப் பற்றித்தான் பொதுவாகப் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அந்தச் சுமை பெரும்பாலும் முதலாளியின் தோளுக்குப் போவதில்லை. பக்கத்து மேசைக்காரரின் தோளிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே அந்தப் பெண்மணியின் கோபம் நியாயமானது. ஆனால் கோபம் நியாயமானது என்பதாலேயே அவருடைய ஊகம் சரியாகிவிடாது. சனிக்கிழமைத் தலைவலிக்காரர் அன்று மாலை கடைத்தெருவில் சிரித்துப் பேசிக்கொண்டு போனதை யாரோ பார்த்துவிட்டார்களாம். ஒற்றைத் தலைவலி, மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கக்கூடியது. காலையில் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் இருட்டறையில் வாந்தியோடு படுத்திருந்தவர் மாலையில் எழுந்து குளித்துக் கடைக்குப் போவதில் மருத்துவரீதியாக எந்த முரணும் இல்லை. அவருக்கு அந்த நோய் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவர் என் நோயாளியும் அல்லர். "நல்லாத்தானே இருக்கா" என்று தூரத்திலிருந்து சொல்லப்படும் நோயறிதலை மட்டும் நம்பாதீர்கள் என்றேன். சனிக்கிழமை ஆள் போதவில்லை என்பதை மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், அந்தப் பெண்ணுக்கு நோய் இருக்கிறதா என்ற விசாரணையை நீங்கள் நடத்த வேண்டாம் என்றும் சொன்னேன்.

மாதவிடாய் வலியை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள், "காய்ச்சல்" என்று விடுப்பு எடுக்கும் பெண்கள் பலரை எனக்குத் தெரியும். காய்ச்சல் என்பது பொய். உடம்பு முடியவில்லை என்பது மெய். ஆண் மேற்பார்வையாளரிடம் சொல்லக் கூசி, சொன்னாலும் முகம் சுளிப்பாரோ என்று அஞ்சி, காய்ச்சல் என்ற சொல்லுக்குள் அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் இதற்கென்றே சிறப்பு விடுப்பு வழங்கத் தொடங்கியது 1992-இல். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் ஊர் அலுவலகங்கள் பலவற்றில் அந்த வலிக்கு இன்னும் காய்ச்சல் என்றுதான் பெயர்.

இனி கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் வரை ஊதியத்துடன் நோய் விடுப்பும், 12 நாள் வரை தற்செயல் விடுப்பும் தருகிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவர்களுக்கு ஊதியத்தோடு மேலும் 12 நாள் விடுமுறை உண்டு. நோய் விடுப்பை "லாப்ஸ் ஆகிவிடும், எடுத்துவிட வேண்டும்" என்று ஆண்டு முடிவதற்குள் செலவழிக்கும் பழக்கம் படித்தவர்களிடம்தான் அதிகம். என் நோயாளி ஒருவர் ஜூலைக்குள் 10 நாள்களை இப்படித் தீர்த்திருந்தார். நவம்பரில் மழையோடு டெங்கு வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கினாலும் அதற்குப் பின் வரும் அசதி வாரக்கணக்கில் நீளும் நோய் அது. மிச்சமிருந்த இரண்டு நாள் மருத்துவமனை வாசலிலேயே தீர்ந்துபோக, சம்பளம் பிடித்தம் ஆகும் என்ற பயத்தில் படி ஏறக்கூட மூச்சு வாங்கும் நிலையிலேயே வேலைக்குத் திரும்பினார். கையில் விடுப்பு இல்லாததால் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு "மெட்ராஸ் ஐ"யோடு அலுவலகம் போய், அந்த வரிசை முழுவதற்கும் அதைக் கொடுத்துவிட்டு வந்தவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெற்று இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்களின் நிலை வேறு. சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டில் 91 நாள் வரை நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். பொதுவாக முதல் இரண்டு நாள்களுக்குத் தொகை கிடையாது என்பதால் ஒரு நாள் நடிப்புக்கு அங்கே பலன் குறைவு. இவர்களுக்கும் கீழே, எந்தத் திட்டத்திலும் இல்லாத தினக்கூலிகள் இருக்கிறார்கள். உணவக அடுக்களையில் வேலை செய்யும் ஒருவருக்கு டைபாய்டு என்று உறுதியானபோது அவர் கேட்டது சான்றிதழ் அல்ல, "வேலைக்குப் போகலாம்னு சொல்லிடுங்க சார்" என்பதுதான். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை என்ற இடத்தில் யாரும் நோயாளியாக நடிப்பதில்லை. நோயாளிகள்தான் நலமாக இருப்பதாக நடிக்கிறார்கள்.

என்னை மிகவும் சங்கடப்படுத்துவது இன்னொரு வகை. உண்மையிலேயே நோய்வாய்ப்பட்டிருந்து, வேறொரு நோயின் பெயரில் சான்றிதழ் கேட்பவர்கள். ஒருவர் இரண்டு மாதங்களில் ஐந்து முறை ஒற்றை நாள் விடுப்பு எடுத்திருந்தார், ஐந்தும் திங்கட்கிழமைகள். அலுவலகத்தில் அவருக்கு "திங்கள்" என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம். ஆறாவது முறை சான்றிதழ் இல்லாமல் வரக் கூடாது என்று சொல்லப்பட்டதால் வந்திருந்தார். வயிற்றுவலி என்றார், வயிற்றில் ஒன்றும் இல்லை. தூக்கம் எப்படி என்று கேட்டதற்குச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போதே நெஞ்சு படபடக்கிறது, பிள்ளையிடம்கூடப் பேசப் பிடிக்கவில்லை என்றார். இது ஒரு மாதத்துக்கு மேலாக இருந்தது. வெறும் வேலைச் சலிப்பு இல்லை, மனச்சோர்வு நோய் என்று எனக்குப் பட்டது. மனநல மருத்துவர் அதை உறுதி செய்தார்.

வேலைச் சலிப்பு எல்லாமே நோய் என்று நான் சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனமே பணிச்சோர்வைத் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் வேலை சார்ந்த நிலை என்றுதான் சேர்த்திருக்கிறது, நோய் என்று அல்ல. ஆனால் இவர் நோயாளி. "மனநலம் என்று எழுதிவிடாதீர்கள் டாக்டர், டைபாய்டு என்று எழுதுங்கள்" என்று கெஞ்சினார். டைபாய்டு என்று எழுதவில்லை, அவருடைய நோயின் பெயரையும் எழுதவில்லை. என் சிகிச்சையில் இருக்கிறார், இத்தனை நாள் ஓய்வு தேவை, இந்தத் தேதியில் பணிக்குத் திரும்பலாம் என்று மட்டும் எழுதினேன். நோயாளியின் சம்மதமின்றி நோய் விவரத்தை வெளியிடாமல் இருப்பது எங்கள் கடமை. மனநலச் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தனி உரிமையாகவே வைத்திருக்கிறது. இந்த வழி இருப்பது தெரியாமல்தான் பலர் பொய்ப் பெயருக்கு அலைகிறார்கள். மருத்துவரிடம் நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை) எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மருத்துவர் மறுத்தால் தானே தயாரித்துக்கொள்பவர்களும் உண்டு. ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து என்னை அழைத்து, என் பெயரில் வந்த ஒரு சான்றிதழைச் சரிபார்த்துத் தரக் கேட்டார்கள். பதிவேட்டில் அப்படி ஒரு வரி இல்லை. அந்தத் தேதியில் நான் ஊரிலேயே இல்லை. இல்லாததை இல்லை என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. முன்பு நான் கொடுத்த சீட்டு ஒன்றை யாரோ ஸ்கேன் செய்து, தேதியை மாற்றியிருந்தார்கள். அதைக் கொடுத்த ஊழியருக்கு வேலை போய்விட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஒரு நாள் விடுப்பைப் பொய் சொல்லி எடுப்பது ஒழுங்குப் பிரச்சினை. சான்றிதழைத் திருத்துவது ஆவணத்தைப் போலியாக்கும் குற்றம். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் செல்பேசியில் இரண்டு நிமிட வேலையாகச் சுருங்கிவிட்டதால், தாம் அதைக் கடந்துவிட்டதே பலருக்குத் தெரிவதில்லை.

மேலாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் விடுப்புக்கெல்லாம் சான்றிதழ் கேட்கும் அலுவலகங்களிலிருந்து எனக்கு வரும் பொய்க் கோரிக்கைகள்தான் அதிகம். ஒரு நாள் சளிக்காரர் வீட்டில் படுத்திருந்தாலே சரியாகிவிடுவார். தாளுக்காக அவர் என் கூடத்தில் ஒன்றரை மணி நேரம் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திருமணத்துக்கும் பிள்ளையின் பள்ளி விழாவுக்கும் கேட்கும்போதே தற்செயல் விடுப்பு கிடைத்தால், அந்த இளைஞருக்குக் காய்ச்சல் வந்திருக்கவே வராது. அவர், நான் கொடுக்க முன்வந்த "இன்று காய்ச்சல் இல்லை" என்ற சான்றிதழைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வேண்டாம் என்று எழுந்துபோனார்.

அதற்குப் பிறகு, "முன் தேதியிட்ட மருத்துவச் சான்றிதழ் வழங்கப்படாது" என்று ஒரு பலகை எழுதிக் கூடத்தில் மாட்டினேன். கோரிக்கைகள் குறைந்திருக்கின்றன. போன வாரம் ஒருவர் அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, வருகிற வெள்ளிக்கிழமைக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.