சொல் விளக்கம்: டொமைனும் ஆள்களமும்

இணையதளத்துக்கு ஒரு பெயரைப் பதிவு செய்ததும் ‘டொமைன் வாங்கியாயிற்று’ என்கிறோம். காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே உரியது என்பதுதான் தமிழில் அந்த வினை தரும் பொருள். ஆனால் இணையத்தில் ஒரு பெயரை யாரும் நிரந்தரச் சொத்தாக ஆக்கிக்கொள்ள முடியாது, ‘.காம்’ போன்ற பெயர்களை ஓராண்டு முதல் பத்தாண்டு வரையிலான தவணைக்குத் தம் பெயரில் பதிவு செய்துகொள்ளத்தான் முடியும். ஒரு தளம் திடீரென்று திறக்காமல் போனால், பதிவு முடிந்திருக்குமோ என்ற ஐயம் பலருக்குக் கடைசியில்தான் வருகிறது. அதற்கு இந்த ‘வாங்கினேன்’ என்ற சொல்லும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

டொமைன் என்ற ஆங்கிலச் சொல், பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்தது. இலத்தீனில் ‘டோமினுஸ்’ என்றால் தலைவன், உடையவன். ‘டோமினியும்’ என்றால் உடைமை. ‘டொமினியன் அந்தஸ்து’ என்று பழைய செய்தித்தாள்களில் காணும் சொல்லும் இதே வேரில் பிறந்ததே. ஒருவரது ஆட்சிக்கு உட்பட்ட நிலம் என்ற பொருளிலிருந்து விரிந்து, அறிவுத்துறை, ஆய்வுப்பரப்பு என்ற பொருள்களையும் இச்சொல் பெற்றது. கணக்கிலும் இதற்கு இடமுண்டு. அங்கே தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை ‘மதிப்பகம்’ என்கின்றன.

இணையத்துக்குள் இச்சொல் வந்த கதை 1983-இல் தொடங்குகிறது. அதற்கு முன்பு, வலையமைப்பில் இணைந்த கணினிகளின் பெயர்களும் எண் முகவரிகளும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் ஒரே கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. மற்றக் கணினிகள் அதைப் படியெடுத்துக்கொண்டன. கணினிகள் பெருகப் பெருக ஒரே ஏடு தாங்கவில்லை. கணினி அறிஞர் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ் (டொமைன் நேம் சிஸ்டம்) முறை, அந்த ஏட்டைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. ‘நூலகம்.எடுத்துக்காட்டு.இந்தியா’ என்று ஒரு பெயர் இருப்பதாகக் கொண்டால், அதை வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும்: எல்லாவற்றுக்கும் மேலிருக்கும் வேர் வழங்கிகள் (சர்வர்கள்) ‘.இந்தியா’வை ஆள்பவரைக் காட்டும். அவர் ‘எடுத்துக்காட்டு’ என்ற பெயருக்குப் பொறுப்பான வழங்கியைக் காட்டுவார். ‘நூலகம்’ எங்கே இருக்கிறது என்பதை அந்த வழங்கி சொல்லும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் தமக்குக் கீழுள்ள பகுதியை இன்னொருவர் பொறுப்பில் விடுகிறார். அப்படி விடப்பட்ட பகுதியே டொமைன்.

இதனால்தான் ‘ஆள்களம்’ என்ற தமிழாக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. களம் என்பது நெற்களம், போர்க்களம் போல ஒரு செயல் நடக்கும் இடம். ‘ஆள்’ என்ற வினையோ அரசாள்வதை மட்டும் குறிப்பதன்று. கையாளுதல், எடுத்தாளுதல் என்று பயன்கொள்ளும் பொருளும் அதற்கு உண்டு. பழைய பத்திரங்களில் ‘ஆண்டு அனுபவித்து வருதல்’ என்ற தொடரைப் பார்த்திருப்போம். உடையவனும் ஆளலாம், குத்தகைக்காரனும் குத்தகைக் காலம் முடியும்வரை ஆளலாம். இலத்தீன் வேரில் இருக்கும் உடைமைச் செருக்கு தமிழ்ச்சொல்லில் இல்லை.

‘தளப்பெயர்’, ‘இணைய முகவரி’ என்ற சொற்களும் புழங்குகின்றன. எளிமை கருதி எழுதுபவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் கோளாறு வரும்போது இவை குழப்புகின்றன. தளம் என்பது ஒரு வழங்கியில் இருக்கும் கோப்புகள். முகவரி என்பது அந்த வழங்கியின் எண். ஆள்களப் பெயர் இவ்விரண்டிலிருந்தும் தனியானது, தனிக் கட்டணமும் தனித் தவணையும் உடையது. பெயர் போய்விட்டால் தளம் அழிந்துவிட்டது என்று பொருளல்ல.

எனக்குத் தெரிந்த ஒரு சிற்றிதழின் தளத்துக்கு இது நேர்ந்தது. ஆசிரியரின் கைபேசியில் தளம் திறந்தது; சந்தாதாரர்கள் பலருக்குத் திறக்கவில்லை. வழங்கிக்கான கட்டணம் கட்டியாயிற்றே என்று அவர் பதறினார். ‘பக்கம் காணவில்லை’ என்ற 404 பிழை வந்திருந்தால், பெயர் வேலை செய்கிறது, பக்கம்தான் இல்லை என்று கொள்ளலாம். ஆனால் வாசகர் ஒருவர் அனுப்பிய திரைப்பிடிப்பில் (ஸ்கிரீன்ஷாட்) ‘என்எக்ஸ்டொமைன்’ என்று முடியும் குறியீடு இருந்தது. அப்படியொரு பெயரே இல்லை என்பது அதன் பொருள். பெயர்களின் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூயிஸ் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம்: தவணை நாள் கடந்திருந்தது, பெயர் ‘கிளையண்ட் ஹோல்டு’ என்ற நிலையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. நினைவூட்டு மடல்களெல்லாம் அதே ஆள்களப் பெயரில் அமைந்த, யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சலுக்குப் போயிருந்தன. பெயர் நின்றதும் அந்த மின்னஞ்சலும் நின்றுவிட்டது. தொடர்பு மின்னஞ்சல் வேறொரு பெயரில் இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் வற்புறுத்தி வருகிறேன்.

தவணை முடிவதைக் ‘காலாவதி’ என்கிறோம். இதிலுள்ள ‘அவதி’ துன்பம் அன்று. எல்லை என்று பொருள்படும் வடசொல். காலத்தின் எல்லை என்ற அந்தப் பொருள் இங்கே அப்படியே பொருந்துகிறது, ஏனென்றால் ஆள்களத்துக்கு ஒன்றல்ல, பல எல்லைகள் உண்டு. ‘.காம்’ போன்ற பொதுப் பெயர்களுக்கு இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதிப்படி, பதிவாளர் (பெயரைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் அறிவிக்க வேண்டும். தவணை முடிந்த 5 நாளுக்குள் மீண்டும் அறிவிக்க வேண்டும். தவணை முடிந்த நாளிலிருந்து பதிவாளர் தரும் சலுகைக் காலம் 45 நாள் வரை நீளலாம். பெயர் நீக்கப்பட்டாலும், கூடுதல் கட்டணத்தில் மீட்க 30 நாள் உண்டு. அதற்கும் பிறகு 5 நாள் கழித்துப் பெயர் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யத்தக்கதாகிவிடும். சில பதிவாளர்கள் அதற்கு முன்பே ஏலம் விடுவதும் உண்டு என்பதால், கடைசி நாள்வரை காத்திருப்பது ஆபத்து. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், பயனர் நுழைவைச் சரிபார்க்கும் தன் ‘பாஸ்போர்ட்’ சேவையின் ஆள்களத்தைப் புதுப்பிக்கத் தவறியதால், அதன் மின்னஞ்சல் சேவையான ஹாட்மெயிலுக்குள் பலர் நுழைய முடியாமல் போனது. வெளியாள் ஒருவர், ஒரு நிரலாளர், தம் கடனட்டையில் 35 டாலர் கட்டி அதை மீட்டுக் கொடுத்தார்.

பணம் கட்டிய உடனே எல்லோருக்கும் தளம் திறந்துவிடாது. ஒவ்வொரு இணையச் சேவையாளரும் தாம் கேட்டறிந்த விடையைக் குறித்த காலத்துக்குச் சேமித்து வைத்துக்கொள்கிறார். ஆசிரியருக்குத் தளம் திறந்தது அப்படிச் சேமித்த பழைய விடையால்தான். சில பதிவாளர்கள் பெயரை நிறுத்தாமல், விளம்பரப் பக்கம் காட்டும் வேறு வழங்கிக்குத் திருப்பிவிடுவார்கள், ‘.காம்’ பெயருக்குப் பொறுப்பான வழங்கி எது என்ற குறிப்பின் ஆயுள் 1,72,800 நொடி, அதாவது இரண்டு நாள், என்பதால், அப்படித் திருப்பிவிடப்பட்ட பெயரைப் புதுப்பித்த பிறகும் சிலருக்கு இரண்டு நாள்வரை விளம்பரமே தெரியக்கூடும். அந்த நேரத்தில் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது சிக்கலைக் கூட்டும். பதிவேட்டில் புதிய தவணை நாள் ஏறியிருக்கிறதா, 8.8.8.8 போன்ற ஒரு பொது டிஎன்எஸ் வழங்கி சரியான விடையைத் தருகிறதா என்ற இரண்டையும் மட்டும் பார்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.