தகரக் கொட்டகையைக் காற்று தூக்காமல் இருக்க

மண்வெட்டி, தெளிப்பான், உர மூட்டை வைக்கத் தோட்டத்தில் 10-க்கு 8 அடியில் ஒரு தகரக் கொட்டகை போடுவதாக வைத்துக்கொள்வோம். நாலு பக்கமும் ஓரடி இறவாரம் விட்டால் கூரை 12-க்கு 10 அடி. சுமார் 11 சதுர மீட்டர். அரை மில்லிமீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் இதன் எடை 55 கிலோவைத் தாண்டாது. அதைச் சுமக்க மூங்கிலே போதும். இரும்புத் தூணும் கான்கிரீட்டும் வேண்டியிருப்பது கூரையைக் கீழே பிடித்து வைக்க.

கூரை விளிம்பில் மோதும் காற்று சட்டென்று மேலெழும்பி, தகட்டோடு ஒட்டாமல் சுழல்கிறது. அந்தச் சுழலுக்குள் அழுத்தம் குறைவு. கொட்டகைக்குள் அழுத்தம் அதிகம். அந்த வித்தியாசம்தான் தகட்டை மேலே தூக்குகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. மணிக்கு 120 கி.மீ. காற்றில் (2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது டெல்டா பார்த்த வேகம்தான்) ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 68 கிலோ. முழுக் கூரைக்கும் ஏறத்தாழ 750 கிலோ! காற்று வரும் பக்கம் கதவு திறந்து கிடந்தால் உள்ளே புகும் காற்றும் கீழிருந்து தள்ளும். விசை ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடும்.

இப்போது குழிக்கு வருவோம். பலரும் ஓரடி நீள, அகல, ஆழத்தில் தோண்டி நிறுத்திவிடுகிறார்கள். அதில் நிற்கும் கான்கிரீட் 68 கிலோ. நாலு தூணுக்கும் சேர்த்து 272 கிலோதான் தேறும். கொட்டகை தூணோடு பிடுங்கிக்கொண்டு போவது இதனால்தான். ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டடி ஆழம் தோண்டினால் குழிக்கு 300 கிலோ, மொத்தம் 1,200. சிமென்ட் 1, மணல் 2, முக்கால் அங்குல ஜல்லி 4 என்ற கலவையில் நாலு குழிக்கும் மூன்றேகால் மூட்டை சிமென்ட் ஆகும், நாலு வாங்கிவிடுங்கள். தூணின் அடியில் குறுக்காக ஒரு கம்பித் துண்டை வெல்டிங் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட் குழியிலேயே இருக்கும், வழவழப்பான குழாய் மட்டும் உருவிக்கொண்டு வரும்.

தூண் நடுமுன் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் 12 அடி 10 அங்குலத்துக்குச் சற்றே குறைவாக, சமமாக வர வேண்டும். கான்கிரீட்டைத் தரைக்கு மேல் மூன்று அங்குலம் எழுப்பி, வெளிப்பக்கம் சரித்துப் பூசுங்கள். ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும் மண்மட்டத்தில்தான் இரும்பு முதலில் துருப்பிடிக்கும். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி ஆறவிட்ட பிறகே கூரை வேலை.

முன் தூண் 8 அடி, பின் தூண் 7 அடி உயரம் இருந்தால் வாட்டம் போதும். கூரைக்குக் குறுக்கே நாலு பர்லின் (தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), இரண்டே முக்கால் அடிக்கு ஒன்றாக. 10 அடி நீளத் தகடு நாலு வாங்கினால் நடுவில் ஒட்டு வராது. ஒழுகும் இடம் ஒன்று குறைந்தது. வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். அங்கே துத்தநாகப் பிரைமர் அடிக்காமல் விட்டால் துரு அந்தப் புள்ளியில் தொடங்கும்.

திருகைத் தகட்டின் மேட்டில் போடுங்கள். பள்ளத்தில் மழைநீர் ஓடும். முன், பின் ஓரப் பர்லின்களில் ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று. ஏனென்றால் இழுவிசை உச்சமாக இருப்பது ஓரத்திலும் மூலையிலும். நடுப் பர்லின்களில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு போதும். ரப்பர் வாசர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் கிழியும், மேடு நசுங்கும், அடுத்த மழையிலேயே ஒழுகும்.

நாலு தூண் சட்டம் தானாக நிமிர்ந்து நிற்காது; பக்கவாட்டில் தள்ளினால் இணைகரமாகச் சரியும். பின்புறமும் இரு பக்கமும் மூலைவிட்டமாகப் பட்டைக் கம்பி வைத்து முக்கோணமாக்கினால் அசையாது. கூரைக்குக் கீழே எதிரெதிர்ச் சுவர்களில் அரையடி இடைவெளி விட்டு வலை அடித்தால் வெயிற்சூடு வெளியேறும். விடியலில் குளிர்ந்த தகட்டின் அடியில் நீர் கோத்துச் சொட்டுவதும் குறையும். உர மூட்டைகளை மட்டும் தூணை ஒட்டி அடுக்காதீர்கள். ஈரம் இழுக்கும் உப்பு அது, பூச்சையும் தாண்டி இரும்பைத் தின்றுவிடும்.