அடர்த்தி: வானத்தில் எதைத் திணிப்பது?

மன்னார்குடியில் அக்கா பிள்ளைகள் விடுமுறை முழுக்க ‘டிராவலர்’ ஆடினார்கள். 1977-ல் அமெரிக்காவில் வெளிவந்த விண்வெளிக் கதை விளையாட்டு. யாரோ தமிழில் எழுதிய விதிக்குறிப்பு ஒன்று அவர்கள் கைக்கு வந்திருந்தது. பிரித்தால், விண்மீன்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன (density) என்பதற்கு ‘விண்மீன் திணிவு’ என்று போட்டிருந்தது. இந்தத் திணிவைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இதற்கு அடர்த்தி என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே! அடர் என்றால் நெருங்கு. அதிலிருந்து அடர்ந்த காடு, அடர்த்தியான முடி. பள்ளிக்கூடத்தில் அடர்த்தி காண நிறையைக் கன அளவால் வகுத்தோம். இங்கே விண்மீன் எண்ணிக்கையை வரைபடக் கட்டங்களின் எண்ணிக்கையால் வகுக்கிறோம். அவ்வளவுதான்.

திணிவுக்கு வருவோம். சாக்கில் பஞ்சைத் திணிப்போம், பையில் துணியைத் திணிப்போம். இடைவெளி விடாமல் அடைப்பதுதான் திணித்தல். ‘மண் திணிந்த நிலன்’ என்று புறநானூறு சொல்வது மண்ணுக்குப் பொருந்தும். வானத்தில் என்ன திணிந்திருக்கிறது? சூரியனுக்கு அடுத்த விண்மீனே 4.2 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. இன்னொரு வம்பும் உண்டு. நாம் நிறை என்பதை இலங்கைப் பாடநூல்கள் திணிவு என்கின்றன. யாழ்ப்பாணத்துப் பிள்ளை இந்தக் குறிப்பைப் படித்தால் விண்மீனின் கனத்தைத்தான் தேடும். செறிவு என்று திருத்தலாமே என்பார்கள். அது உப்புக்கரைசலுக்கு நேர்ந்துவிட்ட சொல், அதை ஏன் இழுக்க வேண்டும்?

விளையாட்டில் நடப்பது இதுதான். அகலம் 8, உயரம் 10 என்று 80 அறுகோணக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பகடை. 4, 5, 6 விழுந்தால் அங்கே ஓர் உலகம் உண்டு, அதாவது பாதிக்குப் பாதி. விழுந்த எண்ணில் ஒன்றைக் குறைத்தால் மூன்றில் ஒரு பங்கு கட்டங்களில்தான் உலகம். ஒன்றைக் கூட்டினால் மூன்றில் இரண்டு. இந்தக் கூட்டல் கழித்தல்தான் அடர்த்தி. எதையும் யாரும் திணிக்கவில்லை.

குறைந்த அடர்த்திக்கு அந்தக் குறிப்பில் ‘தாழ்திணிவு’ என்று வேறு இருந்தது! டெல்டாவில் பிறந்தவன் இதற்கு அகராதியைப் புரட்ட வேண்டுமா? ‘கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்’ என்பது பழமொழி. கலக்க என்றால் இடைவெளி விட்டு; போர் என்றால் வைக்கோல்போர். நெல் நாற்றை 20-க்கு 10 சென்டிமீட்டரில் நட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்து. ஒற்றை நாற்றாக 25-க்கு 25-இல் நட்டால் 16 குத்து. முன்னது அடர, பின்னது கலக்க. பிள்ளைகளின் வரைபடத்தை எட்டிப் பார்த்த அம்மா, “என்னடா, இவ்ளோ கலக்க நட்டு வச்சிருக்கீங்க?” என்றாள். குறிப்பு எழுதியவருக்கு வராத சொல் அவளுக்குத் தானாக வந்தது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ‘கலக்கமான வட்டாரம்’ என்று எழுதினால் அந்த உலகங்களெல்லாம் கண்ணீர் விடுவதுபோல் இருக்கும். ‘கலக்க அமைந்த வட்டாரம்’ என்றால் தொல்லையில்லை.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலருக்கு வயலில் புழங்கும் சொல் அறிவியலுக்கு ஆகாது என்ற எண்ணம். கேட்டால் தூய்மை என்பார்கள். கலக்கவும் அடரவும் எந்த மொழியில் கடன் வாங்கியவை?

கடைசிப் பக்கத்தில் பகடை உருட்டுவதை ‘தாறுமாறாக உருவாக்குதல்’ என்று போட்டிருந்தது. பகடைக்கு ஆறு முகமும் சமம், அதில் தாறுமாறு எங்கே வந்தது? ‘பகடைப்படி அமைத்தல்’ என்று பேனாவால் திருத்திக் கொடுத்தேன். திணிவையும் அப்படியே அடித்துவிட்டேன்.