அயல்கூட்டம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் 'குடும்பஸ்ரீக்குப் போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். பதிவேட்டில் இருக்கும் பெயர் அயல்கூட்டம். 1998 மே 17 அன்று மலப்புறத்தில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் தொடங்கிவைத்த, கேரள அரசின் வறுமை ஒழிப்பு மகளிர் திட்டமான குடும்பஸ்ரீயின் அடிப்படி இது. வீட்டுக்கு ஒருவராக 10 முதல் 20 பெண்கள் சேர்ந்தால் ஓர் அயல்கூட்டம். வார்டு அளவில் அவற்றின் சேர்க்கை ஏ.டி.எஸ்., பஞ்சாயத்து அளவில் சி.டி.எஸ்.

மலையாளத்தில் அயல்காரி என்றால் பக்கத்து வீட்டுக்காரி. தமிழிலும் பழைய பொருள் அதுதான். குறுந்தொகை 201-ஆம் பாட்டு, தலைவன் வருவான் என்று நல்ல சொல் சொன்ன பக்கத்து வீட்டுப் பெண்ணை 'அமிழ்தம் உண்கநம் அயல் இலாட்டி' என்று வாழ்த்துகிறது. இலக்கணத்தில் ஈற்றயல் என்றால் கடைசிக்கு அடுத்து நிற்பது. பிறகு நம் பேச்சில் இந்தச் சொல் மெல்ல வாசலைத் தாண்டிப் போய்விட்டது. அயலூர், அயலார், அயல்நாடு, கடல் கடந்தவர்களுக்கு அயலகத் தமிழர். அதனால்தான் பொள்ளாச்சியிலிருந்து வருகிறவர் 'அயல்கூட்டம்' பலகையைப் பார்த்தால் வெளியாட்கள் கூட்டமோ என்று நினைக்கிறார்.

'கூட்டம்' என்ற பாதியிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த ஊர்கள் இருக்கும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கொங்குக் குடும்பங்களில் 'நீங்க எந்தக் கூட்டம்?' என்று கேட்டால் குலத்தைக் கேட்பதாக அர்த்தம். (மலையாள அறிவிப்பில் 'யோகம்' என்று இருந்தால் அதிர்ஷ்டம் இல்லை, கூட்டம்தான்.)

தமிழில் என்ன சொல்லலாம்? 'மகளிர் சுய உதவிக் குழு' முழுப் பொருத்தமில்லை. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய தமிழ்நாட்டுத் திட்டத்தோடு வளர்ந்த அந்தப் பெயரில் சேமிப்பும் கடனும் முன்னால் நிற்கின்றன, பக்கத்து வீடு என்ற பொருள் இல்லை. ஆந்திர எல்லையில் 'சங்கம்' என்கிறார்கள். அது எந்தச் சங்கமாகவும் இருக்கலாம். இப்போது சிலர் எழுதும் 'பெண்கள் வட்டம்' காதுக்கு இதம். ஆனால் அரசுத் தமிழில் வட்டம் என்றால் தாலுகா. 'அக்கம்பக்கத்துப் பெண்கள் கூட்டம்' நீளமானாலும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தேர்வு அயல்கூட்டமே. இரண்டு பாதியும் தமிழ்தான். புணர்ச்சி விதிப்படி அயற்கூட்டம் என்று எழுதலாம், ஆனால் பதிவேட்டோடு பெயர் ஒத்துப்போகாது. கூட்டத்தை நடத்துகிறவருக்குத் தமிழ்நாட்டுக் குழுக்களில் வழங்கும் 'ஊக்குநர்' நல்ல சொல். 'தலைவி' என்றால் அவரே பேசிக்கொண்டிருப்பார்.

பக்கத்து வீடு என்பதுதான் இந்தக் கூட்டத்தின் பலம். அதன் கோளாறுகளும் அங்கிருந்தே வருகின்றன. பணம் கட்டவும் மனம் விட்டுப் பேசவும் ஒரே கூட்டம் என்பதால் முதல் விதி, இரண்டையும் கலக்காதீர்கள். முதல் அரை மணி நேரத்தில் சேமிப்பு வசூல், கடன் தவணை, கையெழுத்து எல்லாம் முடிந்து நோட்டுகள் பைக்குள் போய்விட வேண்டும். நோட்டு விரிந்து கிடக்கும்வரை தவணை பாக்கி வைத்தவள் வாய் திறக்க மாட்டாள். அவள்தான் பேச வேண்டியவளாகவும் இருப்பாள்.

பேச்சுக்கு ஒரு மணி நேரம் போதும். பாய் விரித்து எல்லோரும் தரையில் வட்டமாக உட்காருங்கள். ஊக்குநருக்கு மட்டும் நாற்காலி போட்டால் பேச்சு முழுக்க அவரைப் பார்த்தே போகும். ஒரு சொம்பைக் கைமாற்றுங்கள், கையில் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் 12 பேருக்கு 36 நிமிடம்; மீதி நேரம் கேள்விக்கும் மௌனத்துக்கும். பேச விருப்பமில்லாதவர் சொம்பை அடுத்தவரிடம் தந்துவிடலாம், காரணம் கேட்கக் கூடாது. 'நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ' என்பதுதான் அதிகமாக வந்து விழும் அறிவுரை. அது வந்த நிமிடமே பேசியவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு 'ஒண்ணுமில்லக்கா' என்று முடித்துவிடுவாள். அதனால் அறிவுரைக்கு முன் அனுமதி கேட்க வேண்டும்: 'எனக்குத் தோணுறதச் சொல்லட்டுமா, இல்ல கேட்டுக்கிட்டா போதுமா?'

முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவது வழக்கம். கணக்குக்கு அது சரி. பேச்சுக்கு, திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருக்கும் வீடு ஆகாது. அங்கன்வாடி அறை கிடைத்தால் அதுவே மேல். நேரத்தை மாலைப் பால் கறவையை வைத்துக் குறியுங்கள். கறவை நேரம் நெருங்கினால் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள், பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிற்பாள்.

மினிட்ஸ் புத்தகத்தில் யாருடைய வீட்டு விஷயமும் ஏறக் கூடாது. 'உறுப்பினர்கள் பொது விஷயங்கள் பேசினர்' என்ற ஒரு வரி போதும். அந்தப் புத்தகத்தைத் தணிக்கைக்கு வருபவரும் ஏ.டி.எஸ். காரர்களும் புரட்டுவார்கள். மலையாளத்தில் எழுதினால், கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்டுவது கட்டாயம்.

பேசியது வெளியே போகாது என்று சொல்லித்தான் தொடங்குகிறோம். ஆனால் அப்படி முழுதாக வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தை மீது பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். உடனடி உதவிக்கு 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் தனியாக விடாமல் 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலும் பேசலாம். இந்த விதிவிலக்குகளை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். நடந்த பிறகு சொன்னால் துரோகமாகத் தெரியும்.

வீட்டில் அடி என்று தெரிந்தால் கூட்டத்தில் கிளறாமல், முடிந்த பிறகு ஊக்குநர் தனியாகக் கேட்கட்டும்: 'இன்னைக்கு வீட்டுக்குப் போக பயமா இருக்கா?' ஆமாம் என்றால் 181 பெண்கள் உதவி எண், அல்லது குடும்பஸ்ரீயின் சினேகிதா உதவி மையம். கணவனைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து பேச ஊக்குநர் இறங்கக் கூடாது, அடி கூடும். எல்லைப் பகுதியில் தவறாமல் வரும் சந்தேகம், தாய்வீடு பொள்ளாச்சியில், புகுந்த வீடு கேரளத்தில் என்றால் வழக்கு எங்கே என்பது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும் மனு கொடுக்கலாம். தாய்வீட்டுக்குப் போய்விட்டவள் மனு போடுவதற்காக மறுபடி எல்லை தாண்டி வர வேண்டியதில்லை.