குதிரை முதுகில் சேணம் தொடக்கூடாத இடங்கள்

லாயத்தில் அசையாமல் நிற்கும் குதிரையின் முதுகில் கச்சிதமாக அமர்ந்திருக்கும் சேணம், அது நடக்கத் தொடங்கியதும் பொருந்தாமல் போகலாம். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்கால்கள் உடற்கூட்டோடு தசைகளாலும் நார்களாலும் மட்டுமே பிணைக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொரு முறை முன்கால் நீளும்போதும் தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பு பின்னோக்கிச் சுழன்று வருகிறது. சேணத்தின் சட்டம் அந்த வழியை மறித்தால் எலும்பு அதன்மேல் இடிக்கும். வலிக்கு அஞ்சிக் குதிரை அடியைக் குறுக்கிக்கொள்ளும். அதைச் சோம்பல் என்று எண்ணிக் குதிகாலால் உந்துவது பெருங்கொடுமை. தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவிக் கண்டறிந்து, அதற்கு இரண்டு மூன்று விரல்கடை பின்னால் சேணத்தின் முன்பகுதியை அமர்த்த வேண்டும்.

பின்புறத்திலும் ஓர் எல்லை உண்டு. குதிரைக்குப் பொதுவாக 18 இணை விலா எலும்புகள் உள்ளன. கடைசி விலா முதுகெலும்போடு சேரும் இடத்துக்கு அப்பால் விலாக்களின் தாங்கல் இல்லை என்பதால், ஏறுபவரின் எடை அங்கே விழக்கூடாது.

சேணத்தின் உள்ளே விறைப்பான சட்டமும், அதன் அடியில் இருபுறமும் பெரும்பாலும் கம்பளி திணித்த மெத்தைகளும், மெத்தைகளுக்கு நடுவே நீளவாக்கில் ஒரு வாய்க்காலும் இருக்கின்றன. எடையைத் தாங்க வேண்டியவை முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நீண்ட தசைகளே. முதுகெலும்பின் மேல்முட்கள் தோலுக்கு மிக அருகில் இருப்பதால், வாய்க்கால் அவற்றை எங்கும் தொடாமல் கடந்து செல்ல வேண்டும். சட்டம் குறுகலானால் கழுத்தடி மேட்டின் இருபக்கத்தையும் கிள்ளும். மிக அகலமானால் முன்பகுதி தாழ்ந்து அந்த மேட்டின்மீதே உட்கார்ந்துவிடும். மெத்தை முன்னும் பின்னும் மட்டும் தொட்டு, நடுவில் பாலம்போல் தூக்கி நிற்பது இன்னொரு குறை. அப்போது முழு எடையும் நான்கு சிறிய இடங்களில் குவிய, அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. அழுத்தம் நீடித்தால் மயிர்க்கால்களில் நிறம் தரும் செல்கள் அழிந்து, அவ்விடத்தில் வெள்ளை முடி முளைக்கிறது. சேணத்தைப் பிணைக்கும் வயிற்றுவாரை இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடித்துக் கடிக்கத் திரும்பும் குதிரையைக் கோபக்காரக் குதிரை என்று முடிவு கட்டுவதற்கு முன், அதன் முதுகைத் தடவிப் பார்ப்பதே நியாயம்.

தடித்த விரிப்பு இந்தக் குறைகளைத் தீர்க்காது. குறுகிய சேணத்தின் அடியில் அது இறுக்கத்தைக் கூட்டவே செய்யும். முதுகும் என்றும் ஒரே வடிவில் இருப்பதில்லை. பயிற்சியில் தசை வளர்கிறது, நெடும்பயணத்தில் உடல் இளைக்கிறது. பிரித்தானிய ராணுவக் கால்நடை மருத்துவர் ஃபிரெடரிக் ஸ்மித் 1891-இல் சேணப் புண்களுக்கென்றே ஒரு கையேடு எழுதும் அளவுக்குக் குதிரைப்படைகளை வாட்டிய சிக்கல் இது. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறையாவது சேணத்தை மறுபடி பொருத்திப் பார்த்து, திணிப்பைச் சரிசெய்ய வேண்டும்.

கடிவாளத்துக்கும் இதே கவனம் தேவை. வாயிரும்பு, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத வெற்றிடத்தில் கிடக்கிறது. அங்கே தாடை எலும்பின் கூரிய விளிம்பை மெல்லிய ஈறு மட்டுமே மூடியிருப்பதால், வாயிரும்பைத் தாங்கும் கன்னவாரின் நீளத்தில் ஓரிரு துளை வேறுபட்டாலும் குதிரை உணரும். மூக்குவாரை மிகத் தாழ்வாகக் கட்டினால் நாசியின் மென்மையான பகுதி நசுங்கும்; குதிரையால் வாய்வழியாக மூச்சுவிட இயலாது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இறுக்கிக் கட்டினாலோ வாய் திறக்க முடியாமல் போவதால், வலியைக் காட்டும் வழியே அடைபடுகிறது. இரண்டு விரல் நுழையும் தளர்வு என்பது பழைய விதி. அதைக் கன்னத்தின் ஓரத்தில் பார்த்தால், அங்குள்ள சதை அமுங்கிப் பொய்யான இடைவெளி தரும். மூக்கெலும்பின் மேல்தான் பார்க்க வேண்டும். சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025 முதல் தன் போட்டிகளில் இதை விரல்களுக்கு விடாமல், ஒரே மாதிரியான அளவுகருவியை அந்த இடத்தில் செருகிச் சோதிக்கிறது.

பலரும் அலங்காரமாக மட்டும் கருதும் நெற்றிவார்கூட நீளம் குறைந்தால், காதுகளுக்குப் பின்னால் செல்லும் தலைவாரை முன்னுக்கு இழுத்துக் காதடியில் அழுத்தும். காரணமின்றித் தலையை ஆட்டுவதாகச் சொல்லப்படும் குதிரையிடம் அந்த வாரை முதலில் சற்று நீளமானதாக மாற்றிப் பார்க்கலாம்.